வீட்டிலிருந்து பொட்காஸ்ட்: காசு எந்த வழியால் வரும், எப்போது வரும்

தையல், கேக், மிளகாய்த்தூள், சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன். யாழ்ப்பாணத்தில் வீட்டோடு இருக்கும் தாய்மாருக்குச் சொல்லப்படும் கைவருமானங்களின் வரிசையில் இப்போது பொட்காஸ்டும், அதாவது இணையத்தில் தொடராக வெளியிடும் ஒலி நிகழ்ச்சியும், சேர்ந்துவிட்டது. கையில் ஃபோன் இருக்கிறது, வாயில் கதை இருக்கிறது, டொலரில் காசு வரும் என்பது சொல்பவர்களின் கணக்கு. முதலிரண்டில் பிழையில்லை. மூன்றாவதில்தான் சிக்கல்: காசு வரும் வரிசை தலைகீழாகச் சொல்லப்படுகிறது. விளம்பரக் காசு முதலில், கடைக்காரரின் அனுசரணை பிறகு, மற்றவர்களுக்கு ஒலி வேலை செய்து கொடுப்பது வேண்டுமானால் கடைசியில் என்று நினைத்துத் தொடங்கினால், வருடம் முடிவதற்குள் கை சலித்துவிடும். நடப்பு நேரெதிரானது. சுத்தமாகப் பதிந்து, சுத்தமாக வெட்டத் தெரிந்தவருக்குக் கூலிவேலை முதலில் வரும். அனுசரணை அடுத்தது. யூரியூப் விளம்பரம் எல்லாவற்றுக்கும் பின்னால்தான்.

தொழில்நுட்பத்தைப் பார்த்தால் பொட்காஸ்ட் மிக எளிய சாமான். ஒலிக்கோப்பு ஒரு சேவையகத்தில் இருக்கும். அதன் தலைப்பு, விளக்கம், முகவரி எல்லாம் ஆர்எஸ்எஸ் எனப்படும் ஓடைக் கோப்பில் இருக்கும். கேட்கும் செயலிகள் அந்த ஓடையை வாசித்துப் புதிய அத்தியாயத்தைக் காட்டும். ஆப்பிள் 2005 ஜூனில் ஐரியூன்சில் இதைச் சேர்த்த பிறகுதான் பொதுமக்களிடம் பரவியது. கோப்புகளை வைத்திருக்க மாதவாடகை கட்டவேண்டியிருந்த நிலை, இலவசமாக இடம் கொடுத்த ஆங்கர் போன்ற சேவைகளால் மாறியது. அதை ஸ்பொட்டிஃபை 2019இல் வாங்கியது. இன்று ‘ஸ்பொட்டிஃபை ஃபோர் கிரியேட்டர்ஸ்’ என்ற பெயரில் இருப்பது அதுதான், இன்னமும் இலவசம். அங்கே ஏற்றியபின் எடுக்கும் ஓடை முகவரியை ஆப்பிளிலும் ஒருமுறை பதிந்துவிட்டால் இரண்டு இடத்திலும் தானாகவே வரும். அட்டைப்படம் சதுரமாக, 3000க்கு 3000 பிக்சலில், ஜேபெக் அல்லது பிஎன்ஜி கோப்பாக இருக்கவேண்டும். 1400க்குக் குறைந்தால் ஆப்பிள் ஏற்காது.

ஆனால் ஊரில் யார் இந்தச் செயலிகளில் கேட்கிறார்கள்? இங்கே பலர் போடுவது யூரியூப்புக்கும் வட்ஸ்அப்புக்கும் என்று தனியாக விற்கப்படும் டேட்டா பொதிகள். அந்தப் பொதிக்குள் ஸ்பொட்டிஃபை வராது. ஆகவே ஒரே ஒலியை இரண்டாகப் பிரித்து வெளியிடவேண்டும்: வெளிநாட்டில் வேலைக்குப் போகும் வழியில் கேட்பவருக்கு ஆர்எஸ்எஸ், ஊரில் கேட்பவருக்கு அசையாப் படத்தோடு யூரியூப். இரண்டுக்கும் ஆள் பிடிக்கும் இடம் வட்ஸ்அப். ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் துண்டை வெட்டி, இணைப்போடு குழுக்களில் போடுவதுதான் இங்கே நடைமுறையில் வேலை செய்யும் விளம்பரம்.

விளம்பரக் கணக்கு

யூரியூப்பில் விளம்பர வருமானம் பெற 1000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4000 மணிநேரப் பார்வையும் வேண்டும். (குறுங்காணொளி வழியாகப் போனால் 90 நாட்களில் 1 கோடி பார்வைகள். குரல் நிகழ்ச்சிக்கு அது ஒத்துவராத பாதை. குறுங்காணொளி ஓடையில் கிடைத்த நேரம் அந்த 4000 மணிக்குள் சேராது என்பதும் பலருக்குப் பிந்தித்தான் தெரியவரும்.) 4000 மணி என்பது 2,40,000 நிமிடம். 20 நிமிட அத்தியாயத்தை ஒருவர் சராசரியாக 8 நிமிடம் கேட்கிறார் என்று வைத்தால் 30,000 பார்வைகள் தேவை. வாரம் ஒன்றாக 40 அத்தியாயம் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 750 பார்வை. முடியாத எண் அல்ல. ஆனால் முதல் பத்து அத்தியாயங்கள் அந்த எண்ணைத் தொடுவது அரிது, அதனால் பின்னால் வருபவை அவற்றின் சுமையையும் சேர்த்து இழுக்கவேண்டியிருக்கும்.

தகுதி கிடைத்த பிறகு நீண்ட காணொளியின் விளம்பர வருமானத்தில் 55 வீதம் படைப்பவருக்கு. அது எவ்வளவு என்பது கேட்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதில் தங்கியிருக்கிறது. விளம்பரக்காரர் ரொறொன்ரோவில் இருப்பவரின் காதுக்குக் கொடுக்கும் விலையும் கொடிகாமத்தில் இருப்பவரின் காதுக்குக் கொடுக்கும் விலையும் ஒன்றல்ல. ஆயிரம் பார்வைக்கு 1 டொலர் கைக்கு வருகிறது என்று கணக்குக்காக வைத்தால், கூகுள் காசு அனுப்பும் குறைந்த வரம்பான 100 டொலரை எட்ட ஒரு இலட்சம் பார்வை வேண்டும். கேட்பவர்களில் பாதிப்பேர் கனடா, பிரித்தானியா, சுவிஸ், அவுஸ்திரேலியா என்றால் அந்தத் தூரம் வெகுவாகக் குறையும். ஸ்பொட்டிஃபையின் வருமானப் பங்குத் திட்டமோ 2025 ஜனவரியில் அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில்தான் தொடங்கியது. அதை நம்பி யாழ்ப்பாணத்தில் கணக்குப் போடவேண்டாம்.

இதனால்தான் வெளியிடும் நேரம்கூடக் காசு சம்பந்தப்பட்டதாகிறது. கோடையில் யாழ்ப்பாணத்துக்கும் ரொறொன்ரோவுக்கும் இடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை. லண்டனுக்கு நாலரையும் ஐந்தரையும். இங்கே பின்னேரம் 4 மணிக்கு வெளியிட்டால் கோடையில் ரொறொன்ரோவில் காலை 6.30, வேலைக்குக் கிளம்பும் நேரம். லண்டனில் 11.30, மதிய இடைவேளைக்கு முன். சிட்னியில் இரவு 8.30, சமையலறை ஓய்ந்த பிறகு. நமக்கு வசதியான இரவு 10 மணி வெளியீடு சிட்னியில் நடுச்சாமத்துக்குப் பிறகுதான் போய்ச் சேரும். நேரத்தை முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதி எல்லாச் சேவையிலும் உண்டு.

ஒலி

உள்ளடக்கம் சுமாராக இருந்தாலும் ஒலி நன்றாக இருந்தால் கேட்பார்கள். ஒலி கரகரத்தால் எவ்வளவு நல்ல கதையென்றாலும் இரண்டாம் நிமிடத்தில் மூடிவிடுவார்கள். அசையாப் படத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் பொறுத்திருக்கப் போவதில்லை. ஆகவே நேரமும் காசும் போகவேண்டிய இடம் இதுதான். அதிலும் காசைவிட அறைக்கே முதலிடம்.

நம் வீடுகளின் ஒலிக்குறை சீமெந்துத் தரையும் பூசிய சுவரும். குரல் இவற்றில் பட்டுத் திரும்பி வந்து மைக்கில் இரண்டாம் தடவை விழும். அதுதான் ‘கிணத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி’ என்று கேட்பவர் சொல்வது. எந்த மென்பொருளும் இதைச் சுத்தமாக எடுக்காது. அறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டலுக்குப் பின் ‘ட்ரிங்’ என்று ஒரு வால் நீண்டால் அங்கே பதியக்கூடாது. சேலைகள் தொங்கும் அலுமாரியின் இரண்டு கதவையும் திறந்து, அதை நோக்கி இருந்துகொண்டு, முதுகுப் பக்கம் ஒரு மெத்தையையோ தடித்த போர்வையையோ தொங்கவிட்டால் அந்த வால் அறுந்துவிடும். முன்னால் உள்ள துணி குரலைக் குடிக்கிறது. பின்னால் உள்ள போர்வை, மைக் பார்த்துக்கொண்டிருக்கும் திசையிலிருந்து எதிரொலி வராமல் தடுக்கிறது. முட்டை மட்டைகளைச் சுவரில் ஒட்டும் வேலை வீண். மனிதக் குரலின் கனமான பகுதியை அந்த மெல்லிய காகிதக்கூழ் உறிஞ்சாது, தூசிதான் சேரும்.

அடுத்தது வெளிச்சத்தம். வீட்டுக்குள் முதல் எதிரி கூரை ஃபேன். இரண்டாவது ஃபிரிட்ஜ். மூன்றாவது கிணற்று மோட்டர், அதுவும் பக்கத்து வீட்டுக்காரருடையதென்றால் சொல்லிவைக்கத்தான் வேண்டும். ஃபிரிட்ஜை நிப்பாட்டிவிட்டுப் பதிந்தால் திரும்பப் போட மறந்து மீனும் பாலும் பழுதாகும் ஆபத்து உண்டு. வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் அடுத்தமுறை வெளியே இறங்கும்போது தானாக நினைவு வரும். ஃபேன் இல்லாமல் சித்திரை வெயிலில் 20 நிமிடம் ஒரே மூச்சில் கதைக்க முடியாது. 8 முதல் 10 நிமிடத் துண்டுகளாகப் பதிந்து, இடையில் காற்று வாங்குவதே நல்லது. வியர்த்துக் களைத்த குரல் பதிவில் அப்பட்டமாகத் தெரியும்.

நாளில் நல்ல நேரம் பள்ளிக்கூட நாட்களில் காலை 9.30க்கும் 11.30க்கும் இடையில். பிள்ளைகள் இல்லை, பாண் ஓட்டோவின் மெட்டு அநேகமாகக் கடந்துபோயிருக்கும், மீன்காரரின் ஹோர்னும் ஓய்ந்திருக்கும். விடியப்புறம் அமைதி என்று நினைத்து நாலரைக்கு எழும்புபவர்களுக்குக் கோயில் ஒலிபெருக்கி காத்திருக்கும்.

வருடக்கணக்கும் ஒன்று இருக்கிறது. வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்றுப் பிடித்தால் யன்னல்கள் ஆடும், வளவுக்குள் பனை நின்றால் ஓலைச் சரசரப்பு ஓயாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் அந்தச் சுற்றாடலில் உள்ளவர்களுக்குப் பதிவு நடக்காது. ஒக்ரோபரிலிருந்து மார்கழி வரை தகரத்திலோ சீற்றிலோ விழும் மழை. இந்தக் காலங்களுக்கு முன் நான்கு அத்தியாயமாவது முன்கூட்டிப் பதிந்து கையிருப்பில் வைத்திருப்பவரின் நிகழ்ச்சிதான் வருடம் முழுக்கத் தொடர்ந்து வரும். ஆகவே கையிருப்புக்கு ஏற்ற தலைப்பு, அதாவது நாள் கடந்தாலும் பழுதாகாத தலைப்பு, எப்போதும் சில எழுதிவைத்திருக்க வேண்டும்.

கருவிக்கு வருவோம். முதல் ஐந்து அத்தியாயத்துக்கு ஃபோனே போதும். விமானப் பயன்முறையில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நிறுத்திவைக்கவேண்டும். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும் ஒவ்வொரு இடத்திலும் மூச்சு குத்தும். அடுத்த படி, கொலரில் குத்தும் மைக். போயா பிவை-எம்1 போன்றவை சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கும், 6 மீற்றர் வயர், ஃபோனுக்கும் கமராவுக்கும் மாற்றும் ஒரு சுவிட்ச். சுவிட்ச் தவறான பக்கம் இருந்தால் ஒலி மெலியும் அல்லது வராது. ‘மைக் பழுது’ என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் முன் அதைப் பார்க்கவேண்டும். சங்கிலி, தாலிக்கொடி, சேலைத் தலைப்பு உரசும் சத்தம் இந்த வகை மைக்கின் நிரந்தரக் குறை. மூன்றாவது படி யூஎஸ்பி மைக். இங்கே கண்டென்சரைவிட டைனமிக் வகைதான் நம் வீடுகளுக்குப் பொருந்தும். கண்டென்சர் மூன்று வீடு தள்ளிக் குரைக்கும் நாயையும் எடுக்கும். சாம்சன் கியூ2யூ போன்ற டைனமிக் மைக் நாலு விரல் தூரத்தில் உள்ள வாயைத்தான் முதன்மையாகக் கேட்கும். நுண்கடன் எடுத்தோ தவணைக்கோ இவற்றை வாங்கக்கூடாது. முதல் வருமானம் எப்போது என்று தெரியாத தொழிலுக்கு வாராவாரம் கட்டும் கடன் பொருந்தாது. வடக்கில் பெண்கள் நுண்கடனால் பட்டபாடு ஏற்கெனவே போதும்.

பதியும்போது மானி உச்சத்தில் கழித்தல் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். மெலிந்த ஒலியைப் பிறகு கூட்டலாம். உச்சத்தில் அடித்து வெடித்த ஒலியைத் திருத்த வழியில்லை. தொடங்கும் முன் 10 வினாடி வாய் திறக்காமல் அறையை மட்டும் பதியவேண்டும். அந்த வெற்றுச் சத்தத்தை வைத்துத்தான் பின்னர் இரைச்சலைக் குறைப்பது.

திருத்த ஓடாசிட்டி மென்பொருள் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். வேலைகளின் ஒழுங்கு முக்கியம். முதலில் வெட்டல். பிறகு அந்த 10 வினாடியைத் தெரிவுசெய்து இரைச்சல் மாதிரி எடுத்து, முழுவதற்கும் 6 முதல் 9 டெசிபல் வரை குறைப்பு. அதற்குமேல் போனால் ‘ச’வும் ‘ஸ’வும் தண்ணீருக்குள் கதைப்பது போலாகும். பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டி: பெண்குரல் அங்கே இல்லை, வாகன இரைச்சலும் மோட்டர் அதிர்வும்தான் இருக்கின்றன. பிறகு 3க்கு 1 என்ற அளவில் அமுக்கம், அதாவது உரத்த இடங்களை மட்டும் தாழ்த்துவது. கடைசியில் ஒலிமட்டத்தைச் சமன்செய்தல். அமுக்கத்தை இரைச்சல் குறைப்புக்கு முன் செய்தால் மெல்லிய இரைச்சல்களும் சேர்ந்து தூக்கப்பட்டுவிடும், பின்னர் எடுக்க வராது. இறுதி மட்டத்துக்கு ஆப்பிள் சொல்வது கழித்தல் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு), ஸ்பொட்டிஃபை கழித்தல் 14. கழித்தல் 16இல் வைத்தால் இரண்டிலும் பிரச்சினையில்லை. ஓடாசிட்டியில் மோனோவை (ஒற்றைத்தட ஒலியை) இரட்டை மோனோவாகக் கொள்ளும் பெட்டியில் சரி போட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் அளவு பிசகும்.

கோப்பின் பருமனும் டேட்டாச் செலவு. பதிவை வேவ் கோப்பாக வைத்தால் மோனோவில் நிமிடத்துக்கு 5 மெகாபைட்டுக்கு மேல், அரைமணிக்கு 160 அளவில். ஏற்றும்போது 64 கிலோபிட் மோனோ எம்பி3 ஆக்கினால் அதே அரைமணி 14.4 மெகாபைட்தான். வெறும் பேச்சுக்கு அது போதும். இசை கலந்திருந்தால் 96.

வெளிநாட்டில் இருப்பவரை அழைத்துக் கதைப்பதில் பெரும்பாலானோர் இடறும் இடம் வட்ஸ்அப் அழைப்பு. அழைப்பு நடக்கும்போது அதே ஃபோனில் பதிவுச் செயலியை ஓட விட்டால் பல ஃபோன்களில் வெறும் மௌனம்தான் பதிவாகும். மைக்கை அழைப்பு பிடித்து வைத்திருப்பதே காரணம். பதிந்தாலும் அழைப்புக்காக நசுக்கப்பட்ட ஒலிதான் கிடைக்கும். வழி இது: இருவரும் ஒரு ஃபோனில் இயர்ஃபோன் போட்டு அழைப்பில் இருக்க, இரண்டாவது ஃபோனில் அவரவர் குரலை அவரவர் பதிவது. தொடக்கத்தில் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணி இருவரும் ஒரு கைதட்டு. திருத்தும்போது இரண்டு தட்டல்களையும் பொருத்தினால் உரையாடல் சேர்ந்துவிடும். முடிந்ததும் கோப்பை வட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பச் சொல்லவேண்டும். நீண்ட பதிவில் இரண்டு ஃபோன்களின் கடிகாரமும் மெல்ல விலகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திப் புதிதாகத் தட்டுவது அதற்கு மருந்து.

எதைப் பற்றிக் கதைப்பது

எல்லாவற்றையும் பற்றிக் கதைக்கும் நிகழ்ச்சிக்கு அனுசரணையாளர் கிடைக்கமாட்டார். புலம்பெயர்ந்த வீட்டில் ஒருவருக்கு ஒரு விஷயம் தெரியவேண்டும், ஆனால் கேட்க அம்மம்மா பக்கத்தில் இல்லை. அந்த இடைவெளிதான் சந்தை. ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சுவது, திவசத்துக்கு என்னென்ன வாங்குவது, பிள்ளை பெற்ற வீட்டில் சரக்குக்கறிக்கு என்ன சேரும், பூப்புனித நீராட்டு விழாவை வெளிநாட்டு மண்டபத்தில் எந்த ஒழுங்கில் செய்வது: இவை ஒவ்வொன்றும் வருடாவருடம் தேடப்படும். (பத்தியம், குழந்தை வளர்ப்பு போன்றவற்றில் வழக்கத்தைச் சொல்லலாம். மருந்தளவு சொல்லக்கூடாது, அதற்குக் குடும்பநல உத்தியோகத்தரும் வைத்தியரும் இருக்கிறார்கள்.) ஊர்ச் சந்தைக்கு என்றால் தரம் 5 புலமைப்பரிசில் எழுதும் பிள்ளையின் பெற்றோர் எப்போதும் காது கொடுக்கத் தயார்.

பேச்சு யாழ்ப்பாணப் பேச்சாகவே இருக்கட்டும். தொலைக்காட்சித் தொடர்த் தமிழில் கதைத்தால் தமிழகத்துக் கேட்பவரும் வந்துவிடுவார் என்ற எண்ணத்தில் குரலை மாற்றுபவர்கள், இரண்டு பக்கமும் இழக்கிறார்கள்.

சிறுவர் கதைகளில் ஒரு பொறி இருக்கிறது. குரல் நன்றாக உள்ளவர்கள் முதலில் எண்ணுவது இதைத்தான். அமெரிக்க அதிகாரிகளுடன் 2019இல் ஏற்பட்ட தீர்வைத் தொடர்ந்து, 2020 ஜனவரியிலிருந்து யூரியூப்பில் ‘சிறுவர்களுக்கானது’ என்று குறிக்கப்படும் காணொளிகளில் ஆள்பார்த்துக் காட்டும் விளம்பரம் இல்லை, கருத்துப் பகுதி இல்லை, உறுப்பினர் கட்டணமும் இல்லை. பார்வை எவ்வளவு கூடினாலும் வருமானம் மெலிந்துதான் இருக்கும். சிறுவர் உள்ளடக்கத்தைப் பெரியவர்களுக்கானது என்று பொய்யாகக் குறித்தால் அதற்குத் தண்டனை உண்டு. நேர்மையான வழி நிகழ்ச்சியின் முகத்தையே தாய்மார் பக்கம் திருப்புவது: இந்தக் கதையைத் தமிழ் சரளமாக வராத பிள்ளைக்கு எப்படிச் சொல்வது, எங்கே நிறுத்துவது, என்ன கேள்வி கேட்பது என்று. அப்போது கேட்பவர் உண்மையாகவே பெரியவர்.

உரிமை விடயத்தில் இரண்டு இடங்களில் பிடிபடுவார்கள். ஒன்று முகப்பிசை. சினிமாப் பாட்டின் பத்து வினாடியே யூரியூப்பின் தானியங்கிச் சோதனைக்குப் போதும், அந்த அத்தியாயத்தின் காசு பாட்டின் உரிமைக்காரருக்குப் போய்விடும். யூரியூப்பின் இலவச ஒலி நூலகத்திலிருந்து எடுக்கலாம், இல்லாவிட்டால் வீட்டில் வீணையோ மிருதங்கமோ படிக்கும் பிள்ளையைக் கொண்டு பதினைந்து வினாடி வாசிப்பிக்கலாம். மற்றது கதை வாசிப்பு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்தாளர் காலமாகி 70 ஆண்டு வரை உரிமை உண்டு. 1879இல் மறைந்த ஆறுமுக நாவலரையோ 1901இல் மறைந்த சி. வை. தாமோதரம்பிள்ளையையோ தாராளமாக வாசிக்கலாம். அண்மைக்கால ஈழத்துச் சிறுகதை என்றால் எழுத்தாளரிடமோ குடும்பத்திடமோ எழுத்தில் சம்மதம் வேண்டும். நூலகம் இணையத்தளத்தில் படிக்கக் கிடைக்கிறது என்பது குரலில் வெளியிடும் அனுமதியாகாது.

செய்தித்தாளைக் கணினிக் குரலில் வாசிக்கவிட்டு நாளுக்கு ஐந்து ஏற்றும் குறுக்குவழியும் அடைபட்டு வருகிறது. அச்சில் வார்த்ததுபோல் மொத்தமாக உற்பத்தியாகும் காணொளிகளுக்கு வருமானம் இல்லை என்பதை 2025 ஜூலையில் யூரியூப் இன்னும் தெளிவாக்கியது. சந்தாதாரர்களை விலைக்கு வாங்குவதும், ‘நீ எனக்கு, நான் உனக்கு’ என்று குழுவில் மாற்றிக்கொள்வதும் அதே வகை. எண் ஏறும், கேட்கும் மணி ஏறாது.

முதலில் வரும் காசு

பத்து அத்தியாயம் சுத்தமாகத் திருத்தி முடித்தவரின் கையில் ஒரு தொழில் இருக்கிறது. புலம்பெயர் தமிழ்ப் பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்சி ஒலிகள், அழைப்பிதழ்க் காணொளிகளுக்குக் குரல், ஊர்ச்சங்கங்களின் மலர் வெளியீடுகளுக்கு ஒலி வடிவம், வேறு பொட்காஸ்டர்களின் பதிவுகளை வெட்டிக் கொடுப்பது. கூலியை மணித்தியாலத்துக்குப் பேசாமல் முடிந்த ஒலியின் நிமிடத்துக்குப் பேசவேண்டும். பழகாத கைக்கு முடிந்த ஒரு நிமிடத்துக்கு எட்டு, பத்து நிமிட வேலை பிடிக்கும், பழகியபின் நாலைந்து. அந்த விகிதம் தெரியாமல் விலை சொன்னால் நட்டம். இணையத்தில் கூலிவேலை எடுக்கும் ஃபைவர் போன்ற தளத்தில் 20 வீதம் கழிவு, புதியவருக்கு 14 நாள் காத்திருப்பு. நேரடியாகத் தெரிந்தவர் மூலம் வந்தால் இரண்டும் இல்லை, ஆனால் பாதிக் காசை முற்பணமாகக் கேட்கத் தயங்கக்கூடாது. சொந்தம் என்று விட்ட காசுதான் அதிகம் வராமல் போவது.

அனுசரணை கேட்டுப் போகும்போது ‘எனக்கு இவ்வளவு பார்வை’ என்று தொடங்குவது பலிக்காது. கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்காரருக்கோ, மண்டபக்காரருக்கோ, சேலைக்கடைக்காரருக்கோ வேண்டியது வேறு: ஆடி, ஆவணியில் விடுமுறைக்கு வந்து கலியாணமும் சாமத்தியச் சடங்கும் இங்கே வைக்கும் குடும்பங்கள். கேட்பவர்களில் எத்தனை வீதம் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள் என்பதை யூரியூப் புள்ளிவிபரப் பக்கமே நாடுவாரியாகக் காட்டும். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். 600 பேர் கேட்கும் நிகழ்ச்சியில் 350 பேர் வெளிநாட்டில் என்றால், 6000 பேர் ஊரில் கேட்பதைவிட அந்தக் கடைக்கு அது பெறுமதி. ஒரு அத்தியாயமாக விற்காமல் நான்காக விற்கவேண்டும், ஏனென்றால் ஒருமுறை கேட்டுக் கடைப் பெயர் மனதில் நிற்காது. விளம்பரத்தை நிகழ்த்துபவரே தன் குரலில் 30 முதல் 45 வினாடிக்குள், அத்தியாயத்தின் முதல் மூன்றிலொரு பகுதிக்குள் சொல்லவேண்டும். பேசியதை வட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிச் சம்மதம் வாங்கவேண்டும். காசு பெற்ற விளம்பரம் என்பதைக் குரலில் சொல்வதோடு யூரியூப்பில் அதற்கான பெட்டியிலும் சரி போடவேண்டும். முப்பதாம் நாள் கணக்கைத் திரையைப் படமெடுத்துக் கடைக்காரருக்கு அனுப்புபவருக்கு இரண்டாவது ஒப்பந்தம் தேடாமலே வரும்.

வீட்டுப் பெண்ணின் குரல் வெளியே போவதில் ஊருக்குள் எழும் கதைகளையும் கணக்கில் எடுக்கவேண்டும். முகம் காட்டத் தேவையில்லை என்பது இந்த ஊடகத்தின் பெரிய வசதி. புனைபெயரில் நடத்தலாம். பிள்ளைகளின் பெயர், பள்ளிக்கூடம், ஒழுங்கை இவை பேச்சுவாக்கில் வந்துவிட்டால் வெட்டிவிடவேண்டும். யூரியூப் கருத்துகளை அனுமதித்த பின் மட்டும் காட்டும்படி வைத்து, தினமும் பார்க்காமல் வாரத்தில் ஒருநாள் பார்த்தால் போதும்.

காசு கைக்கு வரும் வழி

புனைபெயர் நிகழ்ச்சிக்குத்தான், கூகுள் விளம்பரக் காசை அனுப்பும் ஆட்சென்ஸ் கணக்குக்கு அல்ல. அங்கே போடும் பெயர் வங்கிக் கணக்கில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தவேண்டும். நம்மவர்களுக்கு இதுவே பெரிய இடர். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக, வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும், கலியாணத்துக்குப் பின் திறந்த கணக்கில் கணவர் பெயர். இப்படி மூன்று விதமாக இருந்தால் அனுப்பிய காசு திரும்பிப்போகும், திரும்பிய செலவும் தலையில் விழும். கணக்குத் தொடங்கும் முன் மூன்றையும் ஒன்றாக்குவது ஒருநாள் வேலை.

வருமானம் 10 டொலரைத் தொட்டதும் முகவரியை உறுதிசெய்யும் இரகசிய எண் சாதாரணத் தபாலில் வரும், இரண்டு முதல் நாலு வாரமாகும். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நிறுத்தப்படும். வீட்டு இலக்கம் இல்லாத ஒழுங்கைகளில் கிராமத்தின் பெயரையும் தபால் கந்தோரையும் சேர்த்து எழுதி, தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது புத்தி. அமெரிக்க வரிப் படிவத்தையும் அதே கணக்குப் பக்கத்தில் நிரப்பவேண்டும். நிரப்பாவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வந்த வருமானத்தில் 24 வீதம் வரை பிடிக்கப்படலாம். நிரப்பினால் அமெரிக்காவில் இருந்து பார்த்தவர்களால் வந்த பங்குக்கு மட்டும் வரி.

ஒரு மாத வருமானம் அடுத்த மாதம் 21க்கும் 26க்கும் இடையில் அனுப்பப்படும். வங்கியின் சுவிஃப்ட் குறியீடு கொடுத்தால் நேராக இலங்கைக் கணக்குக்கு வரும், இடையில் உள்ள வங்கியும் நம் வங்கியும் ஒவ்வொரு தடவையும் கட்டணம் எடுக்கும். 100 டொலருக்கு ஒருமுறை எடுப்பதைவிட, ஆட்சென்சில் அனுப்பும் வரம்பை 300 என்று உயர்த்தி வைத்தால் மூன்று கட்டணம் ஒன்றாகும். ஸ்ட்ரைப் என்ற இணையக் கொடுப்பனவுச் சேவை வழியாகக் காசு கொடுக்கும் நன்கொடைத் தளங்கள் இலங்கை வங்கிக்கு ஒத்துவராது. கூலிவேலைக்கு, வெளிநாட்டுக் காசைப் பெற்றுத் தரும் பேயோனியர் சேவை வேலை செய்யும்.

வரி பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. 2025 ஏப்ரலிலிருந்து தனிநபர் வருட வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாவுக்கு வருமான வரி இல்லை, வெளிநாட்டு நாணயத்தில் வங்கி மூலம் வரும் சேவை வருமானத்துக்கு அதற்கு மேலும் அதிகபட்சம் 15 வீதம்தான். ஆனால் வரி இலக்கம் எடுத்துவைப்பதும் வரவை எழுதிவைப்பதும் தேவை. நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும். ஆட்சென்ஸ் மாத அறிக்கை, வங்கிச் சீட்டு, கடைக்காரர் தந்த காசுக்கான பற்றுச்சீட்டின் பிரதி, மைக்குக்கும் டேட்டாவுக்கும் போன செலவு ஆகியவற்றை மாதத்துக்கு ஒரு உறையில் போட்டுவைத்தால் வருடமுடிவில் கணக்குப் பார்ப்பவருக்கு அது போதும்.